மதாம் உட்கார்ந்த ஒரே இடம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட அது கொஞ்சம் கௌரவம். ‘ஆட்டோ எலெக்ட்ரிக்கல்ஸ்’ என்று போர்டு மாட்டி, பேட்டரி, டைனமோ, செல்ஃப் மோட்டார் பார்க்கப்படும் என்று கீழே சிவப்பில் எழுதியும் வைத்திருந்த நான், ஒரு புல் வெட்டும் வண்டிக்கு வாஸ்து பார்த்தேன். புல்தரையின் ஒரு மூலைக்குப் போனால் மட்டும் வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்டதற்கு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அது ஈசானி மூலை என்றேன். அத்தோடு விட்டேனா? எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் நூலில் கோத்து வண்டியின் முகப்பில் கட்டினேன். வண்டி குலுங்கிய குலுக்கலில் நூல் அறுந்து, எலுமிச்சை கத்திக்குள் போய், அந்த இடம் முழுக்க ஜூஸ் கடை வாசனை அடித்தது. மூலை வந்தது. வண்டி நின்றது.

வண்டிக்குச் சொந்தக்கார அம்மாள் சீட்டில் இருந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்து, "பழம் வெட்டியாச்சு. அடுத்தது என்னா, பூசணிக்காயா?" என்றார்.

இது அவரைப் பற்றிய கதை. ஊரில் எல்லோரும் அவரை மதாம் என்பார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தன் பெயரை என் வாயில் போடக் கூடாது என்று வேறொரு சண்டையில் சொல்லியிருக்கிறார். அந்தச் சண்டை தீர்ந்துவிட்டது. தடை நீங்கியதாகத் தகவல் இல்லை.

அப்போது என் கடை புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பத்தில், கடலூர் ரோட்டை ஒட்டி, ஒரு பஞ்சர் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில் இருந்தது. பிறகு கருவடிக்குப்பம் பக்கம் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். தெற்கே போவதே அரிதாகிவிட்டது. அந்தத் தவளக்குப்பத்துக் கடைக்கு ஒருநாள் உயரமாய், முடியை ஒட்ட வெட்டிய பெரியவர் ஒருவர் வந்தார். நின்ற நிற்பிலேயே சொல்தா என்று தெரிந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்புகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, வந்து பார்க்க வேண்டும் என்றார். என்ன வண்டி என்றேன். சொன்னால் நம்ப மாட்டே தம்பி, வந்து பாரு என்றார்.

பார்த்தும் நம்பவில்லை. டிராக்டருக்கும் ஸ்கூட்டருக்கும் கலப்புத் திருமணம் நடந்து பிறந்த மாதிரி ஒரு சாமான். சிவப்பு உடம்பு, ஸ்டீயரிங், ஒரே ஒரு சீட்டு, வயிற்றுக்கு அடியில் கத்தி. அதன் பக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு மதாம் நின்றிருந்தார். முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி வீட்டில் பிறந்து, சொல்தாவைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய், அங்கே ஒரு சின்ன ஊரின் மேரியில், அதாவது நம் முனிசிபாலிட்டி மாதிரி ஒரு ஆபீசில், பூங்காக்களுக்குப் புல் வெட்டுகிற வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது மற்றவர்கள் கடிகாரம் வாங்கிக்கொண்டு வருவார்கள். இவர் தான் ஓட்டிய பழைய வண்டியையே கேட்டு வாங்கி, கட்டில் பீரோவோடு கன்டெய்னரில் ஏற்றி வந்துவிட்டார். தோந்தேஸ் என்று அதற்குப் பிரெஞ்சில் பெயர். எங்களுக்குப் புல்லு வண்டி.

கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வாங்கிய நிலத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டி, மிச்ச இடம் முழுக்கப் புல் போட்டார். அக்கம்பக்கம் எல்லாம் விவசாயக் குடும்பங்கள். வேலியோரம் வந்து நின்று என்ன பயிர் என்று கேட்பார்கள். புல்லு என்பார். மாட்டுக்கா? மாடு இல்லை. அப்புறம் எதுக்கு வளர்க்கிறது? வெட்டுறதுக்கு. வெட்டி? மறுபடி வளர்க்கிறதுக்கு. கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிரான்சு தண்ணி அப்படி என்று முடிவு செய்து போய்விடுவார்கள்.

அன்று சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பேட்டரி செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன். ஆட்டோ பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். மறுபடி டக்.

"பழசு செத்துப்போச்சுன்னே?" என்றார் மதாம்.

"ஆமா மதாம்."

"புதுசு எப்ப செத்துச்சு, வர்ற வழியிலயா?"

ஸ்பேனரை ஓங்கி வண்டியின் உடம்பில் வைத்தேன். அது எர்த் போல்ட்டில் பட்டது. வண்டி திடீரென்று உயிர் பெற்று உறுமியது. கடல் காற்றில் அந்த போல்ட் பச்சை பிடித்துப்போயிருந்தது, வேறொன்றுமில்லை. இதைத்தான் இவ்வளவு நேரம் குறி வைத்துக்கொண்டிருந்தேன் என்கிற முகத்தோடு துடைத்து, கிரீஸ் தடவிக் கொடுத்தேன். மதாம் என் முகத்தையும் பார்த்தார், போல்ட்டையும் பார்த்தார். அன்றிலிருந்து எனக்கு ‘எலெக்ட்ரிக்கு’ என்று பெயர். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எந்த மீட்டராலும் அளக்க முடியாது.

அடிக்கடி போக ஆரம்பித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். மதாம் உட்காரவே மாட்டார்.

காப்பி நின்றுகொண்டு. சாப்பாடு தட்டைக் கையில் ஏந்தி, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு. டிவி சீரியல் கூட நின்றுகொண்டுதான். அதனால் சீரியலில் வருகிறவர்களைத் திட்டும்போது நேரில் சண்டைக்குப் போனவர் மாதிரியே இருக்கும். வாடகைக்கு ஆட்டோ எடுத்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தொற்றிக்கொண்டு வருவார். ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளுக்குக் கடற்கரை ரோட்டில் சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு வெயிலில் வரிசையாக நிற்பார்களே, அவர்கள் வீட்டம்மாக்களுக்கு என்று பந்தலும் நாற்காலியும் போட்டிருப்பார்கள். மதாம் பந்தலுக்குள் போகவில்லை. மெடல் இல்லாமல், ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவருக்கும் சேர்த்து சல்யூட் வைத்துவிட்டுப் போனார் என்று முசியே, அதாவது என் கடைக்கு வந்த அந்தப் பெரியவர், மதாமின் வீட்டுக்காரர், பெருமையாகச் சொன்னார்.

மாதா கோயிலில் இன்னும் வேடிக்கை. பூசையில் பிரசங்கம் ஆரம்பித்ததும் எல்லோரும் உட்கார, மதாம் மட்டும் பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டு சாமியாரையே பார்ப்பார். புதிதாக வந்த அந்த இளம் சாமியார், தன் பிரசங்கத்தில் ஏதோ பிழை என்று பதறி, ஞாயிறு தவறாமல் அதைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் இரண்டு வாக்கியத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஊரில் பாதிப் பேர் மதாமுக்கு மெழுகுவத்தி ஏற்றத் தயாராக இருந்தார்கள்.

என் மகள் காதணி விழாவுக்கு வந்தார். பந்தியில் உட்காரச் சொல்லி என் மனைவி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மதாம் பரிமாறுகிறவன் கையிலிருந்து சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொண்டு மூன்று பந்திக்கும் ஊற்றித் தீர்த்துவிட்டார். எங்கள் மாமனார் என்னைத் தனியே அழைத்து, சமையல்காரம்மா நல்ல சுறுசுறுப்பு, ஆனா எதுக்குத் தொப்பி என்று கேட்டார்.

ஏன் மதாம் உட்காரவே மாட்டேங்கிறீங்க என்று நான் கேட்டபோது, "உக்காந்தவங்கதான் மொதல்ல சாவறாங்க" என்றார். நான் உடனே எழுந்து நின்றேன்.

உட்காருகிற ஒரே இடம் அந்த வண்டி. அந்த சீட்டில் வேறு யாரும் உட்காரவும் கூடாது. ரிப்பேர் பார்க்க வந்த என்னைக்கூட விட்டதில்லை. முசியேயோ வண்டியைச் சுற்றி அரை வட்டம் போட்டுத்தான் நடப்பார். அவருடைய பொழுதுபோக்கு வேறு. பிளாஸ்டிக் நாற்காலி. கிணற்றடியில் ஒன்று, கொய்யா மரத்தடியில் ஒன்று, மோட்டார் ரூம் பக்கம் ஒன்று, கேட்டுக்கு உள்ளே ஒன்று என்று எங்கே பார்த்தாலும் போட்டு வைத்திருப்பார். வெயில் நகர்ந்தால் நாற்காலியையும் நிழலுக்கு நகர்த்துவார். யாருக்கு முசியே கல்யாணம் என்று நான் கேட்டால் சிரித்துவிட்டுத் துண்டால் தூசி தட்டுவார்.

அந்த வண்டியில் மூன்று காவல்காரர்கள் உண்டு. பிரேக்கில் ஒரு சுவிட்ச், கத்தியில் ஒரு சுவிட்ச், சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். பிரேக் மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாது. கத்தி ஓடும்போது ஆள் சீட்டை விட்டு எழுந்தால் அந்த நொடியே இன்ஜின் நின்றுவிடும். ஆள் தவறி விழுந்தால் கத்தி அவர் மேல் ஏறக் கூடாது என்பதற்காக. ஒரு தடவை கத்தி சுவிட்ச் கெட்டது. என் கைவசம் இதற்கெல்லாம் ஒரே மருந்து: டைரக்ட். இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் சுவிட்ச்சே தேவையில்லை. தவளக்குப்பத்தில் அன்றைக்கு ஓடிய ஆட்டோக்களில் பாதி என் டைரக்ட்டில் ஓடியவை. சாவியே இல்லாமல் ஸ்டார்ட் ஆகிற வண்டிகளை நான் உருவாக்கியிருக்கிறேன். திருடர்கள் எனக்கு நன்றி சொல்லாதது ஒன்றுதான் குறை.

மதாம் என் கையிலிருந்த ஒயரைத் தட்டிவிட்டார். அங்கே தன்னோடு வேலை செய்த ஒருவன் இப்படித்தான் டைரக்ட் கொடுத்தானாம். ஒருநாள் சரிவில் இறங்கி ஏதோ குப்பையை எடுத்தானாம்.

"அப்புறம்?"

"பூட்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. பாதிக் கால் உள்ள இருந்துச்சு. மீதிப் பாதி அவனோட வீட்டுக்குப் போச்சு."

புது சுவிட்ச் வருகிற வரைக்கும் வண்டி படுத்தே கிடந்தது. புல் கணுக்காலைத் தொட்டது. மதாம் வேலியோரம் நின்று அது வளர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டைரக்ட் என்ற வார்த்தையை மட்டும் அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது.

இந்தச் சமயத்தில்தான் பிரான்சிலிருந்து மகள் வருகிறாள் என்ற செய்தி. சும்மா வரவில்லை. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது, ஊருக்கு வெளியே இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு எதற்கு, விற்றுவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்பது மகளின் வாதம். ஒரு மாதம் கூட இருந்து பார்ப்பேன், அம்மாவால் முடிகிறது என்றால் பேச்சை விட்டுவிடுகிறேன், முடியவில்லை என்றால் டிக்கெட் போடுவேன் என்று போனில் சொல்லிவிட்டாளாம். முசியே என்னிடம் இதைச் சொன்னபோது கொய்யா மரத்து நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே சொன்னார். அங்கே போனால் எட்டாவது மாடி. பால்கனியில் தொட்டியில் கொத்தமல்லி வளர்க்கலாம். மதாம் கத்தரிக்கோலால் வெட்டலாம்.

அப்போது பார்த்து வண்டி நிற்க ஆரம்பித்தது.

முதலில் மோட்டார் ரூம் மூலையில் மட்டும். அங்கே வேலியும் சுவரும் நெருக்குவதால் சட்டென்று இடது பக்கம் ஒடிக்க வேண்டும். ஒடித்ததும் இன்ஜின் செத்துவிடும். சாவியைப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். நான் ஃபியூஸ் மாற்றினேன். சாவி சுவிட்ச் மாற்றினேன். அணில் கடித்ததோ என்று ஒயரை எல்லாம் பிரித்து டேப் சுற்றினேன்; முடித்தபோது வண்டி கட்டுப் போட்ட நோயாளி மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் எலுமிச்சை. எலுமிச்சைக்குப் பிறகு நோய் பரவியது. மற்ற மூலைகளிலும் நின்றது. எல்லாம் இடது பக்கத் திருப்பம். ஈசானி, அக்னி, வாயு என்று எல்லா மூலையும் கைவிட்ட பிறகு எனக்கு வாஸ்துவிலும் வழியில்லாமல் போயிற்று. மகள் வர ஒரு வாரம்கூட இல்லை. மதாம் தொப்பியைக் கழற்றவே இல்லை. வெட்டுவார், நிற்கும், என்னைப் பார்ப்பார், மறுபடி சாவியைத் திருப்புவார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு மெக்கானிக் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் ஒரு டெஸ்ட் பல்பு. கரண்ட் எங்கே அறுகிறது என்று பல்பு காட்டிக்கொடுக்கும். பிரேக் சுவிட்ச்சில் கட்டினேன்: வண்டி நின்றது, பல்பு அணையவில்லை. கத்தி சுவிட்ச்சில் கட்டினேன்: அதுவும் அணையவில்லை. மிச்சம் சீட்டு. பல்பை சீட்டுக்குப் பின்னால் மட்கார்டில் ஒட்டிவைத்தேன். ஆள் உட்கார்ந்திருந்தால் எரியும், எழுந்தால் அணையும். பகல் வெயிலில் அந்தச் சின்ன பல்பு எரிகிறதா என்று கிட்டத்தில் போய்த்தான் பார்க்க முடியும். ஆகவே மதாம் ஓட்ட, நான் பின்னாலேயே குனிந்துகொண்டு ஓடினேன்.

இதை ஒரு கணம் மனதில் நிறுத்திப் பாருங்கள். நடுப்பகல். ஒரு மரியாதைப்பட்ட குடும்பத்து அம்மாள். அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தை ஒருவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறான். வராந்தாவில் அவர் புருஷன், முன்னாள் பட்டாளத்துக்காரர். வேலியோரம் களை எடுக்க வந்த பெண்கள். ஒருத்தி கேட்டே விட்டாள்: "யோவ், என்னாத்தய்யா பாக்குற அங்க?" பல்பைப் பார்க்கிறேன் என்று கத்தினேன். அவர்கள் சிரித்த சிரிப்பு தவளக்குப்பம் கடை வரைக்கும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

மூலை வந்தது. மதாம் இடது பக்கம் ஒடித்தார். பல்பு அணைந்தது. இன்ஜின் நின்றது.

சுவிட்ச் போச்சு என்று சந்தோஷமாகச் சொல்லப்போனவன், சொல்லவில்லை. ஏனென்றால் பல்பைப் பார்க்கக் குனிந்த என் கண்ணுக்கு நேராக, சீட்டுக்கும் மதாமுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. திருப்பத்தில் உடம்பு வலது பக்கம் சாய்கிறது. பாரம் வலது இடுப்பில் இறங்குகிறது. அந்த நொடியில் அவர் இடது காலை ஊன்றி எம்பிவிடுகிறார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். தொப்பிக்கு அடியில் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். அதே. வண்டியில் எந்தக் குற்றமும் இல்லை. ஆள் எழுந்துவிட்டார் என்று அது நினைத்தது. ஆள் நிஜமாகவே எழுந்துதான் இருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன்."

"சுவிட்ச்சா?"

நான் பல்பைக் கழற்றினேன். அவருக்கும் அது போதுமாக இருந்தது. வராந்தாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டைரக்ட் குடு."

அந்த வீட்டில் தடை செய்யப்பட்ட வார்த்தை. அதுவும் அவர் வாயிலிருந்து. பூட்ஸ் கதை சொன்ன வாய். நான் வீரன் இல்லை, கொள்கைக்காரனும் இல்லை. கேட்டவனுக்கெல்லாம் டைரக்ட் கொடுத்தவன். ஆனால் அந்த மூலையில், எம்பி நிற்கிற ஒரு கால் சறுக்கினால் கத்தி நிற்காது.

"ஒயர் இல்ல மதாம்" என்றேன்.

"தோள்ல தொங்குறது என்னா, பூணூலா?"

தோளில் முழுச் சுருளாக ஒயர். அதைக் கையால் மூடிக்கொண்டு, இது வேறு சைஸ் என்றேன். மதாம் என்னைத் திட்டியதை அப்படியே எழுத முடியாது. பாதி பிரெஞ்சு, மீதி முதலியார்பேட்டை. எது எதைவிட மோசம் என்று சொல்லத் தெரியவில்லை. மகள் போற வரைக்கும்தான்டா என்று கடைசியில் சொன்னபோது அது திட்டு மாதிரி இல்லை. ஆஸ்பத்திரி என்று அவள் காதில் விழுந்தால் டிக்கெட்தான், அப்புறம் இந்த மண்ணை மிதிக்க முடியாது என்றார். நான் டூல் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம்.

கேட்டருகே முசியே ஒரு நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இடுப்புதான தம்பி?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டா. அதான் அங்கங்க போட்டு வைக்கறேன். ஒருநாள் முடியாம ஒக்காந்துருவா இல்ல?"

நின்றுகொண்டே இருக்கிற ஒருத்திக்கு இவ்வளவு காலமாக நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து நான் கல்யாணமா என்று கேட்டிருக்கிறேன். என் நகைச்சுவைக்கு நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மகள் வந்தாள். என்னையும் வரச் சொல்லி ஆள் வந்தது. வண்டி நின்றால் பக்கத்தில் எலெக்ட்ரிக்கு இருக்க வேண்டும் என்பது மதாமின் ஏற்பாடு. போய்ப் பார்த்தால் மதாம் டைரக்ட் இல்லாமலே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வலது பக்கம் மட்டுமே திரும்பி வெட்டினார். வெளி விளிம்பிலிருந்து நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி உள்ளே வந்தார். இடது திருப்பமே இல்லை. மகள் வராந்தாவில் நின்று, முகம் இளகி, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முசியே எட்டிப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தார். எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது.

நடுவில் கொய்யா மரம் இருப்பதை மதாம் கணக்கில் எடுக்கவில்லை. சுழல் சுருங்கிச் சுருங்கி, மரம் நேரே வந்து நின்றது. வலது பக்கம் முசியேயின் நாற்காலி. இடது பக்கம்தான் வழி. ஒடித்தார். வண்டி நின்றது.

சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆனது. ஒடித்தார். நின்றது.

மகள் இறங்கி வந்தாள். அம்மாவிடம் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருக்கும். என்னிடம் திரும்பி, "அண்ணா, வண்டில என்ன ரிப்பேர்?" என்றாள்.

சோலனாய்டு. கார்பன். எர்த். லூஸ் கனெக்ஷன். தெரியாத நோய்களுக்கு நான் வைத்திருந்த அத்தனை பெயர்களும் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. எதைச் சொன்னாலும் அவள் நம்பியிருப்பாள். மதாம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். ஒரு பொய் சொல்லு என்று வாயால் கேட்காமல் அவ்வளவு தெளிவாக ஒருவர் கேட்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. சொல்லியிருந்தால் அந்த நிலம் அன்றைக்குத் தப்பியிருக்கும். அவர் நாளைக்கும் ஏறுவார். நாளன்றைக்கும். என்றாவது ஒருநாள் ஒயர் உள்ள வேறு எலெக்ட்ரீஷியன் கிடைப்பான்.

"வண்டில ஒண்ணும் இல்லம்மா. நல்லாருக்குது" என்றேன்.

மதாம் இறங்கினார். இறங்கிய வேகத்தில் நிமிர முடியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே நின்றார். முசியே மரத்தடி நாற்காலியைத் தூக்கி வந்து பின்னால் வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மதாம் நாற்காலியைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் முறை வைத்துப் பார்த்தார். பிறகு மெல்ல, ஒரு பக்கமாக, உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நடந்த சண்டை முழுக்கப் பிரெஞ்சில். எனக்குப் புரிந்தது ‘நோன்’, அதாவது முடியாது, என்ற ஒரு வார்த்தைதான்; ஆனால் அது நிறையத் தடவை வந்தது. முதலில் மதாம் சொன்னார், அப்புறம் மகள் சொன்னாள், கொஞ்ச நேரத்தில் மகள் தரையில் குந்தி உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு அதே வார்த்தையைச் சின்னக் குரலில் சொன்னாள். முசியே எனக்காக மொழிபெயர்த்தார். இடுப்பு மூட்டுக்கு ஆபரேஷன், இங்கேயே, புதுச்சேரியிலேயே. நிலத்தை இப்போதைக்கு விற்கவில்லை. எழுந்து நடமாடியதும் மதாம் வண்டியில் ஏறி இடது பக்கம் ஒடித்துக் காட்ட வேண்டும்; மீதிப் பேச்சு அதற்கப்புறம். அதுவரை மகள் ஊரில்தான் இருப்பாள்.

அதுவரைக்கும் புல்லை யார் வெட்டுவது என்று ஒரு கேள்வி வந்தது. மதாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலை நீட்டினார்.

"காட்டிக் குடுத்தான் இல்ல? அவன் வெட்டட்டும்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மதாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நர்ஸ்களுக்கு நிற்பதன் பெருமையைப் போதித்துக்கொண்டிருக்கிறார் என்று முசியே போனில் சொன்னார். புல்லோ யாரையும் விசாரிக்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு நான் போனேன். அந்த சீட்டில் முதல் தடவையாக ஏறி உட்கார்ந்தேன். பேட்டரி, எர்த், ஃபியூஸ், மூன்று சுவிட்ச், எல்லாம் சரி. பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்தேன். கத்தியைப் போட்டேன். வண்டி நின்றது. மறுபடி ஸ்டார்ட், கத்தி, நின்றது. இடதும் இல்லை, வலதும் இல்லை. இடத்தை விட்டு நகர்வதற்குள்ளேயே நின்றது.

என் உடம்பைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுத அவ்வளவாக ஒன்றும் இல்லாததுதான் காரணம். பெல்ட்டில் நானே ஆணி வைத்து ஓட்டை போட்டுக்கொள்கிறவன். மதாமின் கனத்துக்குப் பழகிய ஸ்பிரிங், என்னை ஒரு ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. குதித்துக் குதித்து உட்கார்ந்து பார்த்தேன். வேலியோரத்துப் பெண்கள் களை எடுப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள்.

வேறு வழியில்லாமல் மதாமுக்கே போன் போட்டேன். மகள் எடுத்து அவர் காதில் வைத்தாள். வலி எப்படி இருக்கிறது, ஜுரம் இருக்கிறதா என்று கேட்டு முடித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தேன்.

"மதாம், நான் ஏறி ஒக்காந்தா வண்டி காலி சீட்டுன்னு நெனைக்குது. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் டைரக்ட் குடுத்துக்கட்டுமா?"

அந்தப் பக்கம் மதாம் மகள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"சோத்தத் தின்னுட்டு வந்து ஏறு."